ஒருசந்தியும் இருவேளை மாத்திரையும்

முதலில் வந்தது வாசனைதான். முந்திரிக்கொட்டை சுடும்போது ஓட்டிலிருந்து எண்ணெய் கசிந்து எரியுமே, மூக்கைப் பிடுங்கும் அந்தக் காட்டமான புகை வாசனை. நான் நான்காம் வகுப்பில் கரும்பலகையில் பெருக்கல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வரதராஜன்பேட்டையில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்த வாசனை புதிதல்ல. ஆனால் அது ஐப்பசி மாதம், வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. இந்த மழையில் எந்தப் புண்ணியவான் கொட்டை சுடுகிறான் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு எதுவும் ஞாபகம் இல்லை.

கண் விழித்தபோது ஆசிரியர் அறை பெஞ்சில் படுத்திருந்தேன். என் உள்ளங்கையில் யாரோ பள்ளிச் சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். நாக்கின் ஓரம் கடிபட்டு உப்புக் கரித்தது. சேலை நனைந்திருந்தது. அதை எழுதாமல் விட்டுவிடலாம்தான். ஆனால் வலிப்பு வந்ததற்காக அழுததைவிட அதற்காகத்தான் நான் அதிகம் அழுதேன். இதை வாசிக்கும் உங்களில் யாருக்காவது அப்படி நேர்ந்திருந்தால், உங்களுக்கு மட்டும் நடந்ததல்ல என்று தெரிந்துகொள்ளுங்கள்.

"டீச்சர் காலைல சாப்பிடாம வந்துட்டாங்க, அதான் மயக்கம்" என்று தலைமையாசிரியை பிள்ளைகளிடம் சொன்னார். அந்தப் பொய் எனக்கும் வசதியாக இருந்தது. வீட்டிலும் அதையே சொன்னேன்.

அடுத்த வாரம் சமையற்கட்டில் விழுந்தபோது என் மகள் ஜெனிட்டா பார்த்துவிட்டாள். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற பெண். பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி என்னைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்து, தலைக்கு அடியில் துண்டை மடித்து வைத்திருக்கிறாள். கையில் இரும்பு கொடுக்க ஓடிவந்த தன் அப்பாவை, "வேணாம்ப்பா, அதெல்லாம் சும்மா. தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்" என்று அதட்டியிருக்கிறாள். இதெல்லாம் பிறகு கேள்விப்பட்டது. என் வலிப்பை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறி, அரியலூரில் சிமெண்ட் லாரிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு, பெரம்பலூர் போய்ச் சேர மதியமாகிவிட்டது. நரம்பியல் மருத்துவர் என்னைவிட இளையவர். ஈ.ஈ.ஜி. (தலையில் கம்பிகளை ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைக் கோடுகளாக வரைந்து பார்க்கும் சோதனை), எம்.ஆர்.ஐ. (காந்தக் குழாய்க்குள் படுக்கவைத்து எடுக்கும் மூளைப் படம்) இரண்டும் எடுத்தார்கள்.

"உங்க மூளையில ஒரு பழைய தழும்பு இருக்கும்மா" என்றார் மருத்துவர். "எப்பவோ நாடாப்புழு முட்டை வயித்துக்குள்ள போயி, அங்கேருந்து ரத்தத்துல கலந்து மூளைக்குப் போயிருக்கு. இப்ப அது செத்து, சுண்ணாம்பு கட்டிப் போச்சு. வாசனை தெரியுற இடத்துக்குப் பக்கத்துல உக்காந்திருக்கு. அதான் வலிப்புக்கு முன்னால அந்த வாசனை."

"அந்தப் புழு பன்னிக் கறில வர்றதுதான? நான் அதைத் தொட்டதே இல்லையே டாக்டர்."

"சரியாக் கழுவாத கீரைல வந்தாப் போதும்."

அரியலூர்ப் பக்கம் எங்கே தோண்டினாலும் சுண்ணாம்புக்கல். என் தலைக்குள்ளும் ஒரு துண்டு கிடக்கிறது என்று என் கணவர் அந்தோணியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. முந்திரித் தோப்பும் கொஞ்சம் கடலைக் கொல்லையும் வைத்திருப்பவர், சிரிக்க நேரமாகும் மனிதர்.

லெவெடிராசெட்டம் என்ற மாத்திரை எழுதிக்கொடுத்தார் மருத்துவர். மூளையில் தாறுமாறாகக் கிளம்பும் மின்னோட்டத்தை அடக்கிவைப்பது அதன் வேலை. தழும்பை அது அழிக்காது. காலை ஒன்று, இரவு ஒன்று. "ஒரு வேளைகூட விடக்கூடாது" என்றார். கீழே மருந்துக்கடைக்காரர் மாத்திரையைக் காகித உறையில் போட்டு, பேனாவால் 'சாப்பாட்டுக்குப் பிறகு' என்று எழுதி நீட்டினார். இரண்டுமே என் காதிலும் கண்ணிலும் பட்டன. மனதில் ஊன்றியது மருந்துக்கடைக்காரர் எழுதியதுதான். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் வயிறு புண்ணாகிவிடும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான்.

செய்யக்கூடாதவையும் இருந்தன. ஸ்கூட்டர் ஓட்டக்கூடாது. கிணற்றடிக்குத் தனியாகப் போகக்கூடாது. குளியலறையை உள்ளே தாழிடக்கூடாது. நான் குளிக்கும்போது ஜெனிட்டா கதவுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்து படிப்பாள். தண்ணீர் ஊற்றும் சத்தம் கொஞ்சம் நின்றால் போதும், "ம்மா?" என்பாள். "இருக்கேன்" என்பேன். சோப்புப் போடக்கூட நிம்மதி கிடையாது.

வலிப்பு நின்றது. கோபம் வந்தது.

நான் சாது என்று பெயரெடுத்தவள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாத்தனார் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசியதில்லை. மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் எல்லாம் மாறியது. மிக்சி சத்தம் கேட்டால் பல்லைக் கடித்தேன். கணவர் காப்பியை உறிஞ்சிக் குடிக்கும் சத்தம் தாங்கவில்லை. வாய்ப்பாடு மறந்த பையனை நான் திட்டிய திட்டில் பக்கத்து வகுப்பு அமைதியாகிவிட்டது. கோபம் எந்தக் காரணத்துக்காகவும் காத்திருக்கவில்லை. அது முதலில் வந்து நின்றது, காரணத்தை நான் பிறகுதான் தேடினேன்.

தை மாதத்தில் என் நாத்தனார் சகாயம் வந்திருந்தார். பேச்சு ஜெனிட்டாவின் படிப்புக்குப் போனது. அவளுக்குத் திருச்சியில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்க ஆசை. அவள் ஆசையைவிட என் ஆசை பெரிது.

"இனிமே திருச்சி எதுக்கு? ஜெயங்கொண்டத்துலயே ஒரு டிகிரி படிக்கட்டும்" என்றார் நாத்தனார். "பொம்பளப் புள்ளை வூட்டோட இருந்தா ஒனக்கும் பாதுகாப்பு. நீ எப்ப எங்க வுழுவியோ?"

"அதுவும் சரிதான்" என்றார் என் கணவர்.

கையிலிருந்த சாப்பாட்டுத் தட்டு சுவரில் பட்டு உருண்ட பிறகுதான் அதை வீசியது நான் என்று தெரிந்தது. "எம் புள்ள எனக்குக் காவக்காரி இல்ல! அவ திருச்சிக்குத்தான் போவா!" என்று கத்தினேன். சுவரில் குழம்பு வழிந்தது. நாத்தனார் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். துடைப்பத்தைக் கொண்டுவந்த ஜெனிட்டா என்னை விட்டு விலகிச் சுவரோரமாகப் போனதைப் பார்த்தேன். அவளுக்காகப் பேசப் போய் அவளையே பயமுறுத்தியிருந்தேன்.

இந்தக் கோபத்தை மருத்துவரிடம் சொல்ல எனக்குத் தோன்றவேயில்லை. வலிப்பு நோய், அதனால் டாக்டர். கோபம் பாவம், அதனால் கோயில். எங்கள் வீட்டில் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தோம்.

அதனால் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கிய திருநீற்றுப் புதனன்று ஒரு நேர்ச்சை செய்துகொண்டேன். வழக்கமாகப் புதனும் வெள்ளியும் மட்டும் பிடிக்கும் ஒருசந்தியை இந்த முறை ஞாயிறு தவிர எல்லா நாளும் பிடிப்பது, பதிலுக்கு என் கோபத்தைக் கர்த்தர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது. ஒருசந்தி என்றால் எங்கள் வீட்டுக் கணக்கில் பகலில் காப்பியும் தண்ணீரும் மட்டும், மாலை ஜெபம் முடிந்தபின் ஒரே ஒரு சாப்பாடு. இன்னொரு காரணமும் இருந்தது. நான் ஒருசந்தி பிடிக்காவிட்டால் ஊரில் ஏன் என்று கேட்பார்கள். நோய் என்று சொல்ல வேண்டிவரும்.

காலையில் சாப்பாடு இல்லை. மாத்திரையோ சாப்பாட்டுக்குப் பிறகு. ஆகவே காலை மாத்திரை இல்லை. இதில் எனக்கு ஒரு குழப்பமும் இருக்கவில்லை. மருந்தை விட்டேன் என்றே நான் நினைக்கவில்லை. உறையில் எழுதியதைச் சொன்னபடி கேட்டேன் என்றுதான் நினைத்தேன். கணக்கு டீச்சர் அல்லவா.

இரண்டாவது வாரத்தில் கோபம் தணியத் தொடங்கியது. மிக்சி வெறும் மிக்சியாக ஆனது. கணவர் காப்பி குடிக்கும் சத்தம் கேட்டுச் சிரிப்புகூட வந்தது. வகுப்பில் பிள்ளைகள் மறுபடி என் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

"ஒருசந்தி நல்லா வேலை செய்யுது மேரி. மொகமே தெளிஞ்சிருச்சு" என்றார் கணவர். நாத்தனார் மறுபடி வரத் தொடங்கினார். ஜெயங்கொண்டம் கல்லூரியில் விண்ணப்பம் எப்போது கொடுப்பார்கள் என்று அவரும் என் கணவரும் விசாரித்தார்கள். நான் காய் நறுக்கிக்கொண்டு சும்மா இருந்தேன். கோபம் போனதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம், வாயைத் திறந்து அதைத் திரும்பக் கூப்பிட மனமில்லை. கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார் என்று உறுதியாக நம்பினேன். தினமும் நன்றி சொன்னேன்.

பெரிய வியாழன் இரவு ஆராதனையில் கண்விழித்திருந்தேன். மறுநாள் பெரிய வெள்ளி, மாலைவரை காப்பியும் இல்லை. கோயிலில் சிலுவைக்கு முத்தமிட்டு முத்தி செய்ய வரிசை நகர்ந்துகொண்டிருந்தது, ஜெனிட்டா என்னை ஒட்டிப் பின்னால் நின்றாள். அப்போது முந்திரி ஓடு எரியும் வாசனை வந்தது.

முந்திரிக் காலம் அது. ஊரில் பாதி வீட்டுப் பின்பக்கம் கொட்டை சுடும் நாட்கள். எனக்கு வாசனை தெரிந்தது, பயம் வரவில்லை. பெரிய வெள்ளியும் அதுவுமாக யார் அடுப்பு மூட்டியது என்றுதான் தோன்றியது. எனக்கு முன்னால் இருந்த பெண்ணிடம் அதைக் கேட்க வாயெடுத்தேன்.

அரியலூர் ஆஸ்பத்திரியில் தையல் போடும்போது நினைவு தெளிந்தது. பலிபீடத்துப் படியில் மோவாய் இடித்துக் கிழிந்திருந்தது. ஊரே பார்த்துவிட்டது. அத்தனை மாதம் கட்டிக்காத்த ரகசியம் ஊர் முழுக்கக் கூடியிருந்த நாளில் உடைந்தது. என்னைத் தூக்கிவிட்டவர்களில் பங்குச் சாமியாரும் ஒருவர். பிறகு வீட்டுக்கு வந்தபோது அவர் சொன்னார்: "நோயாளிகளுக்கு ஒருசந்தி கடமை இல்லைம்மா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே." கேட்டிருந்தால் நோயைச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பயந்துதானே கேட்கவில்லை.

பெரம்பலூரில் மருத்துவர் முதலில் கேட்டது இதுதான். "மாத்திரை ஒழுங்காப் போட்டீங்களா?"

"ஒரு நாள்கூட விடலை டாக்டர்."

"ரெண்டு வேளையுமா?"

"ஒருசந்திங்க. ஒரு வேளைதான சாப்பாடு?"

அவருக்குப் புரியவில்லை. என் கணவர் விளக்கினார். மருத்துவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அம்மா, இந்த மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. வெறும் வயித்துலயும் போடலாம். நேரந்தான் முக்கியம். இத்தனை நாளா நீங்க பாதி மருந்துலதான் ஓட்டியிருக்கீங்க. அது பத்தாதுன்னு தூக்கமும் இல்லை."

பிறகு ஜெனிட்டா, யாரும் கேட்காமலே, "ஆனா அம்மாவுக்கு அந்த நாள்ல கோவம் கொறைஞ்சிருந்துச்சு டாக்டர்" என்றாள்.

"என்ன கோவம்?"

தட்டு வீசியதை அவள் சொன்னாள். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "இந்த மாத்திரை சில பேருக்கு எரிச்சல், கோவம், மனவாட்டம் கொடுக்கும். முதல்லயே சொல்லியிருந்தா மாத்தியிருப்பேனே."

"நீங்க கேக்கலையே டாக்டர்" என்றேன். தாடைத் தையல் இழுத்தது.

அவர் பேனாவை மறுபடி எடுத்தார். "கேட்டிருக்கணும்" என்றார்.

அந்த அறையில் நான் இழந்ததை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. கர்த்தர் கொடுத்த சமாதானம் என்று நான் நம்பியது, போடாத மாத்திரை கொடுத்தது. அந்த நாட்களில் நான் அழுது சொன்ன நன்றியெல்லாம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது? இந்தக் கேள்வி இன்னும் என்னிடம் இருக்கிறது. கோயிலுக்குப் போகிறேன், முட்டி போடுகிறேன், அதுவும் கூடவே முட்டி போடுகிறது.

வீட்டில் நடந்தது வேறு. மருத்துவர் எனக்கு உதவியாகச் சொன்னதை எல்லோரும் எனக்கு எதிராகப் பிடித்துக்கொண்டார்கள். "அன்னைக்குத் தட்டை வீசுனது அவ இல்லியாம், மாத்திரையாம்" என்று நாத்தனார் சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்படியானால் அன்றைக்குத் திருச்சி என்று சொன்னதும் மாத்திரைதான். ஒரே அடியில் என் வார்த்தை செல்லாமல் போனது. கீரைக்கட்டு வாடியிருக்கிறது என்று சொன்னால்கூட கணவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். மகளும் மாறிவிட்டாள்.

"நான் எங்கயும் போகலம்மா" என்றாள் ஒரு நாள், முக்காலியில் உட்கார்ந்தபடி, கதவுக்கு அந்தப் பக்கமிருந்து. "கோயில்ல நீ வுழுந்த சத்தம் எங் காதுலயே இருக்கு."

நான் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினேன்.

மருந்து மாற்றுவது சுவிட்சைத் தட்டுவது போல நடக்காது. புதிய மாத்திரை லாமோட்ரிஜின். அதைத் துளித்துளியாகத்தான் ஏற்ற வேண்டும், பழையதைத் துளித்துளியாகத்தான் இறக்க வேண்டும். வேகமாக ஏற்றினால் தோலில் ஆபத்தான தடிப்பு வரலாம், வந்தால் அன்றைக்கே ஓடி வாருங்கள் என்றார் மருத்துவர். சித்திரை மாத வெயிலில் இதைச் சொல்கிறார். ஒரு காலை என் முதுகில் சிவப்பாகப் பொரிந்திருந்ததைப் பார்த்து ஜெனிட்டா அலறிவிட்டாள். மூவரும் அடித்துப் பிடித்துப் பெரம்பலூர் போனோம். மருத்துவர் கண்ணாடியை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டிப் பார்த்துவிட்டு, "வேர்க்குரும்மா" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது என் கணவர் சிரித்தார். பல மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் மாத்திரை உங்கள் குணத்தில் கைவைத்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், குணக்கேடு என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ளாதீர்கள். அதே சமயம் பயந்துபோய் நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். நோன்போ விரதமோ ஒருசந்தியோ, பிடிப்பதற்கு முன் மருத்துவரிடம் அதையும் கேளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் என் மோவாய்த் தழும்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

வைகாசியில் பழைய மாத்திரை முழுதாக நின்றது. கோபம் போய்விட்டது. எனக்கு ஒரு பயம் வந்தது. திருச்சி என்ற ஆசையும் அதோடு போய்விட்டதோ? அது நிஜமாகவே மாத்திரையின் பேச்சாக இருந்தால்? ஒவ்வொரு காலையும் எழுந்ததும் அதைத் தொட்டுப் பார்த்தேன். அது இருந்தது. ஆத்திரம் இல்லை, ஆனால் அது இருந்த இடத்திலேயே இருந்தது.

தேர்வு முடிவு வந்த மறுநாள் கணவர் ஜெயங்கொண்டம் கல்லூரிக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். நாத்தனாரும் இருந்தார்.

"ஏங்க" என்றேன். "ஜெனிட்டா திருச்சிக்குப் போவட்டும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "மாத்திரை போட்டியா?"

"போட்டேன். இது கோவ மாத்திரை இல்லைங்க. நல்லாப் பாருங்க, என் கையி நடுங்குதா? குரல் ஏறுதா? அன்னைக்குக் கத்திச் சொன்னேன், மாத்திரைன்னீங்க. இன்னைக்குக் கத்தாம அதையேதான் சொல்றேன். அவ போவட்டும்."

"நீ வுழுந்தா?" என்றார் நாத்தனார்.

"வுழுவேன் அண்ணி. அவ பக்கத்துல இருந்தாலும் வுழுவேன். கோயில்ல பக்கத்துலதான நின்னா?"

ஜெனிட்டா கதவோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். கணவர் சட்டைப் பொத்தானைப் போட்டு முடித்தார், பிறகு அதே சட்டையோடு வெளியே போனார். மதியம் திரும்பி வந்தபோது கையில் சக்கரம் வைத்த புதுப்பெட்டி ஒன்று இருந்தது. நீலநிறம். வாசலில் வைத்துவிட்டு, "சாப்பாடு போடு" என்றார். பிறகு ஆணி பிடுங்கும் குறட்டை எடுத்துக்கொண்டு போய் குளியலறைத் தாழ்ப்பாளையே கழற்றிவிட்டார்.

அவள் போய்ச் சில மாதங்களாகின்றன. எனக்கு இன்னும் முழுதாகக் குணமில்லை. நடுவில் ஒருமுறை வாசனை மட்டும் வந்து போனது. விழவில்லை. மருந்தின் அளவைக் கொஞ்சம் ஏற்றியிருக்கிறார் மருத்துவர். என் நாளுக்கு இப்போது காலை, மதியம், மாலை என்று எதுவும் கிடையாது. ஒரு மாத்திரைக்கும் அடுத்த மாத்திரைக்கும் இடையிலான நேரம், அவ்வளவுதான். அந்த நேரம் மட்டும் என்னுடையது. மூக்கை நான் நம்புவதில்லை. அடுப்பில் ஏதாவது தீய்ந்தால், "உங்களுக்கும் வருதா?" என்று கணவரைக் கேட்கிறேன். "வருது" என்று அவர் சொன்ன பிறகுதான் எழுந்துபோய் அடுப்பை அணைக்கிறேன்.

இன்று காலை அவர் தோப்புக்குப் போயிருந்தார். தாழ்ப்பாள் இல்லாத கதவைச் சாத்திக்கொண்டு குளித்தேன். சோப்பை எடுக்கத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினேன். வெளியே சத்தமில்லை. முக்காலி அங்கேயேதான் கிடக்கிறது, யாரும் எடுத்துப் போடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

பிறகு, "இருக்கேன்" என்றேன்.